தவறிய கருத்தின் தகுந்த பயன்

கொடிகாமத்துத் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கிளர்வூட்டிய கரி, நீரிற் கரைந்த பலவற்றையும் வேறுபாடின்றிப் பற்றும். வேண்டிய ஒன்றையே தேர்ந்து பற்றும் பொருளுக்கு வழிகாட்டியதோ ஒரு தவறிய கருத்து.

உடலிற் புகுந்த அயற்பொருளை அச்சாகக் கொண்டே பிறபொருளெதிரி உருவாகின்றது என 1940இல் லைனஸ் போலிங் கூறினார். அதனைப் பின்பற்றிப் பிராங்க் டிக்கி சாயமொன்றைச் சேர்த்துச் சிலிக்கா ஜெல்லை உருவாக்கினார். சாயத்தைக் கழுவியபின் எஞ்சிய நுண்டுளைகள் அச்சாயத்தையே சிறப்பாக ஏற்றன என 1949இல் அறிவித்தார்.

போலிங்கின் கருத்துப் பின்னர் வீழ்ந்தது. டிக்கியின் வழி நிலைத்தது. 1993இல் சுவீடனின் லுண்ட் நகரில் கிளாஸ் மொஸ்பாக் குழுவினர், ஆஸ்துமா மருந்தாகிய தியோபிலினின் அச்சுப் பதிந்த பல்பகுதியத்தைக் கொண்டு, குருதிநீரில் அம்மருந்தை அளந்தனர். அளவு சிறிது மிகினும் தீங்கு செய்யும் மருந்து அது. ஒரேயொரு மெதயில் கூட்டத்தால் அதனின் வேறுபடும் கஃபீனைப் பல்பகுதியம் பெரும்பாலும் ஏற்கவில்லை.

கருத்து வீழ்ந்தாலும் கவனமாகச் செய்த சோதனை வீண்போவதில்லை.