யாழ்ப்பாணங் கொண்டோரும் போர்நீதியும்

மண்ணாசை கொண்ட வேந்தன் பிறன் நாட்டின்மேற் படைகொண்டு செல்லுதலைத் தொல்காப்பியம் வஞ்சித்திணை என வகுத்தது. ஆங்கு நோக்கம் மறைக்கப்படவில்லை. ஆசை ஆசையென்றே பெயர்பெற்றது. சோழர் ஈழத்தின்மேல் வந்ததும், 1450ஆம் ஆண்டளவிற் கோட்டையரசன் ஏவலாற் செண்பகப்பெருமாள் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டதும் இவ்வகையினவே. ஐரோப்பியரோ தம் படையெடுப்புக்குச் சட்டவுரிமை காட்டினர். அவ்வுரிமை தக்கதோ என்பதை அக்காலத்துச் சட்ட அறிஞர் கொள்கைகொண்டே ஆராய்தல் தகும்.

1455இல் ஐந்தாம் நிக்கலஸ் பாப்பரசர் வழங்கிய ஆணையும், 1494இல் ஸ்பானியரோடு செய்த தோர்தெசிலாஸ் உடன்படிக்கையும் போர்த்துக்கேயர் காட்டிய சான்றுகள். ஆயின் 1539இல் சலமன்காப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்திய பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்னுந் துறவி, பாப்பரசர் உலகனைத்துக்கும் அரசரல்லர் என்றும், வேற்றுமதத்தினரும் தம் நாட்டுக்குத் தாமே உரியர் என்றும் நிறுவினார். கத்தோலிக்க அறிஞர் ஒருவரே அவ்வாணையின் வலுவை மறுத்தமை கருதத்தக்கது.

எனினும், மதம் மாறியோரைத் துன்புறுத்தும் அரசனைத் தடுக்கப் போர் செய்தல் முறையாகலாம் என்றும் அவர் கூறினார். 1544இல் முதலாம் சங்கிலி மன்னாரிற் கிறித்தவர் பல நூற்றுவரைக் கொல்வித்தான். அக்கொடுஞ்செயலை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. ஆனால் அதனைக் காரணங்காட்டித் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு தெ பிரகன்சா வந்தது 16 ஆண்டுகள் கழிந்து, 1560இலாகும். வந்தவன் நல்லூரைச் சூறையாடினான். திறையும் பிணையாக இளவரசனையுங் கேட்டான். குடிகள் கிளர்ந்தெழவே பின்வாங்கி, மன்னாரைத் தனதாக்கிக் கோட்டை அமைத்தான். தீங்கைத் தடுக்கச் செய்யும் போர் அத்தீங்கு நீங்கிய அளவில் ஓய்தல் வேண்டும். நிலங்கொண்டு நிலைத்தல் அதன் எல்லையைக் கடந்ததாம்.

1591இற் பூர்த்தாது தெ மென்டோன்சா அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனைத் தமக்கு அடங்கிய மன்னனாக அமர்த்தினான். 1619இற் பிலிப் தெ ஒலிவேரா அவ்வரசையும் முடித்தான். சங்கிலி குமாரன் அரசைக் கவர்ந்தவன் என்பதும், தஞ்சை நாயக்கரின் உதவியை நாடினான் என்பதும் கூறப்பட்ட குற்றங்கள். அவன் கோவாவிற் கொல்லப்பட்டான். அரசைக் கவர்ந்தவனை நீக்குதலே கருத்தாயின், உரியவனுக்கு முடிசூட்டியிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ நாட்டையே தம் ஆட்சியில் இணைத்தல்.

1609இல் ஒல்லாந்து நாட்டுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோசியஸ், கீழ்த்திசை நாடுகளின்மேற் போர்த்துக்கேயருக்கு உரிமையில்லை எனவும், அங்கு அரசரும் அரசியலும் சட்டமும் முன்னரே உண்டு எனவும் எழுதினார். அவர் சுட்டிய நாடுகளுள் தப்ரபானா ஒன்று. அது பண்டைக் கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பெயர். அவ்வறிஞரின் நாட்டவரே 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தனர். பிடித்தபின் நாட்டை அதன் மக்களிடம் மீளக் கொடுத்தாரல்லர். கத்தோலிக்கர் ஆலயங்கள் ஒல்லாந்தர் சபைக்குரியனவாயின. பால்தேயுப் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் விவரிக்கும் கோவில்களுள் அச்சுவேலிக் கோவிலும் ஒன்று. போர்த்துக்கேயரை மறுக்கப் பயன்பட்ட நியாயம் ஒல்லாந்தரைக் கட்டுப்படுத்தவில்லை.

பிறநாட்டின் நிலவெல்லைக்கும் அரசியற் சுதந்திரத்துக்கும் எதிராகப் படைவலியைப் பயன்படுத்துதலை 1945ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனம், 2ஆம் உறுப்புரையின் 4ஆம் பந்தியில் விலக்கியது. அவ்விதியும் பகைவன் செயலை அளக்க மட்டும் எடுக்கப்படுமாயின் குரோசியஸின் வாதம் பெற்ற கதியையே பெறும். யாழ்ப்பாண வரலாற்றிற் சட்டம் இல்லாதிருந்ததில்லை. வென்றவன் தன்னை அதற்கு உட்படுத்தியதுதான் இல்லை.