சண்டர்லாந்தில் சரிந்த பவுண்டு

2016 ஜூன் 23, வியாழக்கிழமை இரவு 10 மணி. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று பிரிட்டன் வாக்களித்து முடித்த நேரம். விலகல் பிரசாரத்தின் முகமான நைஜல் ஃபராஜே, எதிரணிதான் முந்தும்போலத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு யூகவ் நிறுவனம் எடுத்த கணிப்பும் நீடிப்புக்கு 52, விலகலுக்கு 48 என்றது. அது போதாதா? லண்டன் வங்கிகளில் இரவு முழுக்க விழித்திருக்கத் தயாராக வந்திருந்த நாணய வியாபாரிகள் பவுண்டை வாங்கிக் குவித்தார்கள். ஒரு பவுண்டு 1.50 டாலரைத் தொட்டது.

பொதுத்தேர்தல் என்றால் தொலைக்காட்சிகள் வாக்குச்சாவடி வாசலிலேயே ஆளை நிறுத்தி கணிப்பு எடுக்கும். அன்று அதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அண்மையில் இப்படியொரு வாக்கெடுப்பு நடந்ததில்லை. கோடிகோடியாகப் பணம் புரண்டது, வெறும் ஊகத்தின் மேல்.

நள்ளிரவில் நியூகாசில் முடிவு வந்தது. நீடிப்பு அணி எளிதாக வெல்லும் என்று நினைத்த ஊரில் அதற்கு 50.7 சதவீதமே கிடைத்தது. பவுண்டு லேசாகத் தடுமாறியது. சற்று நேரத்தில் பக்கத்து ஊரான சண்டர்லாந்து. நிசான் கார் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கும் ஊர். அந்தக் கார்களோ பெருமளவு ஐரோப்பாவுக்கே போகின்றன. அங்கே 61 சதவீதம் பேர் விலகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த சில நிமிடங்களில் பவுண்டு பாதாளம் நோக்கிப் பாய்ந்தது. அதிகாலை 4.40-க்கு பிபிசி விலகல் வெற்றியை அறிவித்தது. அன்று காலை விலை 1.32 டாலர் வரை இறங்கியது. 31 ஆண்டுகளில் காணாத மட்டம்.

பவுண்டுக்கு அரசியல் அடி புதிதல்ல. 1992 செப்டம்பர் 16-ஐ லண்டன் இன்றும் 'கருப்புப் புதன்' என்கிறது. அப்போது ஐரோப்பிய நாணய ஏற்பாட்டின்படி பவுண்டு ஜெர்மன் மார்க்கோடு கட்டப்பட்டிருந்தது, 2.778 மார்க்குக்குக் கீழே விடக்கூடாது. விலையைப் பிடித்துநிறுத்த, மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து கையிருப்பிலிருந்த அந்நிய நாணயத்தை அள்ளி இறைத்தது. வட்டி விகிதம் ஒரே நாளில் 10-லிருந்து 12 சதவீதமானது, அடுத்து 15 என்ற அறிவிப்பும் வந்தது. ஒன்றும் எடுபடவில்லை. மாலையில் நிதியமைச்சர் நார்மன் லமாண்ட் தோல்வியை ஒப்புக்கொண்டார். எதிர்ப்பக்கம் பந்தயம் கட்டியிருந்த முதலீட்டாளர் ஜார்ஜ் சோரஸுக்கு 100 கோடி டாலருக்கு மேல் லாபம்.

ஆனால் 1992-இல் தாக்க ஒரு கோட்டை இருந்தது, காக்க ஓர் அரசு இருந்தது, சண்டையும் அன்றைக்கே முடிந்துவிட்டது. 2016-இல் எந்த விலையையும் யாரும் காக்கவில்லை. முடிவு வந்த பிறகுதான் கேள்வியே தொடங்கியது: விலகல் சரி, எந்த மாதிரி விலகல்? அதற்கு விடை கிடைக்க நான்கரை ஆண்டுகள் ஆயின.

அதுவரை சந்தைக்குப் பொருளாதாரப் புள்ளிவிவரம் இரண்டாம்பட்சமானது. பவுண்டு-டாலர் மதிப்பை வியாபாரிகள் 'கேபிள்' என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கடலடித் தந்திவழியே விலை பேசியதால் வந்த பெயர். பிரெக்ஸிட் எனப்பட்ட இந்த விலகல் காலத்துக் கேபிளில் ஓடியதெல்லாம் நாடாளுமன்றப் பேச்சுதான். 2016 அக்டோபர் 7 அன்று, லண்டன் தூங்கும் ஆசிய வர்த்தக நேரத்தில், பவுண்டு சில நிமிடங்களில் சுமார் 9 சதவீதம் விழுந்து பெருமளவு மீண்டது. பின்னர் ஆராய்ந்தவர்களால் காரணம் இதுதான் என்று ஒன்றைச் சுட்ட முடியவில்லை. வாங்க ஆளில்லாத வேளையில், கணினி நிரல்களும் விற்கத் தொடங்கினால் அப்படித்தான்.

இதைவிட விசித்திரம் ஏற்றங்கள். 2017 ஜனவரி 17-இல் பிரதமர் தெரேசா மே, ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையிலிருந்தும் வெளியேறுவோம் என்றார். பவுண்டு விழவேண்டிய பேச்சு. ஏறக்குறைய 3 சதவீதம் ஏறியது! இறுதி ஒப்பந்தம் நாடாளுமன்ற வாக்குக்கு வரும் என்றும் அவர் சொன்னது ஒரு காரணம். கெட்ட செய்தியானாலும் நிலைமை தெளிவானது இன்னொரு காரணம். 2019 ஜனவரி 15-இல் அவருடைய ஒப்பந்தத்தை 202-க்கு 432 என்று நாடாளுமன்றம் தூக்கியெறிந்தது. அன்றிரவும் பவுண்டு இறங்கி, உடனே மீண்டது. ஒப்பந்தமின்றி வெளியேற இந்தச் சபை விடாது என்று வியாபாரிகள் கணக்குப் போட்டார்கள்.

சாமானியருக்கு இது தெரிந்தது காலைச் சிற்றுண்டியில். 2016 அக்டோபரில், பவுண்டு சரிந்ததைச் சொல்லி யூனிலீவர் சுமார் 10 சதவீதம் விலையேற்றம் கேட்க, பல்பொருள் அங்காடியான டெஸ்கோ மறுக்க, ரொட்டியில் தடவும் மார்மைட் டெஸ்கோவின் இணையக் கடையில் கிடைக்காமல் போனது. தகராறு ஒரு நாளில் தீர்ந்தாலும் பத்திரிகைகள் அதைக் கொண்டாடித் தீர்த்தன. இன்னொரு பக்கம், லண்டன் பங்குச்சந்தையின் பெரிய நிறுவனங்கள் பல டாலரில் சம்பாதிப்பவை. பவுண்டு விழ விழ அவற்றின் பங்குகள் ஏறின.

2020 டிசம்பர் 24-இல் வணிக ஒப்பந்தம் ஒருவழியாக முடிந்தது. பவுண்டு பெரிதாக அசையவில்லை. அந்த நல்ல செய்தியை முந்தைய வாரங்களிலேயே விலையில் ஏற்றிவிட்டிருந்தார்கள். விலை 1.36 டாலரை ஒட்டி நின்றது. ஃபராஜின் பேச்சை நம்பி 1.50-க்கு வாங்கியவர்களுக்கு அந்த விலை அப்போதும் திரும்பியிருக்கவில்லை.