ஏரிப் படிவு ஆய்வு

ஏரியின் அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்த வண்டலை அடுக்கடுக்காக எடுத்து, அதில் தங்கிய உயிர்ச்சுவடுகளையும் மாசுகளையும் கொண்டு பழைய நீரின் நிலையை அறியும் துறை இது. பெரும்பாலான ஏரிகளில் நீரின் தரத்தை முறையாக அளக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. கேடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கெடுமுன் ஏரி எப்படி இருந்தது என்பதற்குச் சேற்றைவிட நம்பகமான சாட்சி இல்லை. அதன் வயதைக் கணிப்பதே இத்துறையின் அடித்தளம். காற்றிலிருந்து விழும் கதிரியக்கப் பொருளான ஈயம்-210 சுமார் 22 ஆண்டுகளில் பாதியாகக் குறைவதால், ஆழம் கூடக்கூட அது தேயும் அளவைக் கொண்டு ஏறத்தாழ 150 ஆண்டுகள் பின்னோக்கிக் கணக்கிடலாம். இம்முறையை ஏரி வண்டலுக்குப் பொருத்திக் காட்டிய 1971ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் எஸ். கிருஷ்ணசுவாமி, தேவேந்திர லால் ஆகிய இந்தியர் இருவர் இருந்தது இங்கே பெருமையோடு குறிப்பிடத் தக்கது. அணுகுண்டுச் சோதனைகளின் தடம் உச்சம் தொட்ட 1963ஐச் சீசியம்-137 காட்டும்; ஆனால் அமில ஏரிகளில் அது அடுக்கு விட்டு அடுக்கு நகரக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது.

இச்சாட்சியின் வலிமையை ஸ்காட்லாந்தின் காலோவே பகுதியில், கருங்கல் நிலத்தில் உள்ள ரவுண்ட் லாக் ஆஃப் க்ளென்ஹெட் ஏரி நிறுவியது. ரோஜர் ஃப்ளவர், ரிக் பாட்டர்பீ இருவரும் 1983இல் அதன் டயாட்டம்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். கண்ணுக்குத் தெரியாத இப்பாசிகளின் சிலிக்கா ஓடு மட்காது. அதன் வரிகளை நுண்ணோக்கியில் பார்த்தே இனம் பிரிக்கலாம். சுமார் 1850க்குப் பிற்பட்ட அடுக்குகளில் அமிலம் தாங்காத இனங்கள் அருகி, அமிலம் விரும்பும் டாபெல்லேரியா இனங்கள் பெருகின. மலைச்சரிவில் மரம் நட்டதே காரணம் என்றனர் சிலர்; இந்த ஏரியைச் சுற்றி மரம் நடப்படவே இல்லை. மேய்ச்சல் குறைந்து புதர் மண்டியதால் மண் தானே அமிலமாயிற்று என்றனர் வேறு சிலர். ஆனால் பனியுகத்துக்குப் பின் பல ஆயிரம் ஆண்டுகளில் தாவரங்கள் எவ்வளவோ மாறியும் ஏரி இப்படிப் புளித்ததில்லை என்பதை ஆழ்ந்த அடுக்குகள் காட்டின. நிலக்கரி, எண்ணெய் போன்ற எரிபொருள்களை உயர் வெப்பத்தில் எரிக்கும் உலைகளிலிருந்து மட்டுமே வரக்கூடிய உருண்டைக் கரித்துகள்களும் மேலடுக்குகளில் கிடைத்தன. ஆகவே காரணம் அமில மழையே.

அமில மழையைக் குறைக்க, 1986இல் பிரிட்டன் அரசு சில நிலக்கரி மின்நிலையங்களில் கந்தக நீக்கக் கருவி பொருத்த முடிவெடுத்தது. ஏரியின் அமிலம் பின்னர் குறைந்துள்ளது. டயாட்டம்கள் பழைய நிலைக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.