கோலார் மண்ணும் காசு தேடும் கருவியும்

தென்னிந்திய மண்ணிலிருந்து வெளிவந்த பழங்காசுப் புதையல்களில் பெரும்பாலானவை யாரும் தேடிக் கிடைத்தவை அல்ல. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 522 உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 உரோமத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் பேரரசர் முகத்தில் உளிவெட்டு இருந்தது. கோலார் தங்க வயலின் ராபர்ட்சன்பேட்டைக்குச் சுமார் 100 கிலோமீட்டர் மேற்கே, பெங்களூரு யஷ்வந்த்பூரில் 1891இல் ரயில் பாதைக்கு மண் வெட்டியபோது 163 வெள்ளிக் காசுகள் வந்தன. அதே நகரின் எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் 1965இல் 256 வந்தன. ஏரோ மண்வெட்டியோ தற்செயலாகத் தொட்டதால் வெளிப்பட்டவை இவை.

கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்கியதைத் தேடல் என்று சொல்லலாம். அப்படிச் சலித்தெடுத்த சின்னஞ்சிறு செப்புக் காசுகள் பழைய பாத்திரக் கடைகளுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் போயின. இரா. கிருஷ்ணமூர்த்தி போன்ற ஆய்வாளர்கள் அவற்றைப் படித்து, சங்ககாலச் சேரருக்கும் பாண்டியருக்கும் சொந்த நாணயம் இருந்ததை நிறுவினார்கள். ஆனால் வெள்ளம் புரட்டிய மணலில் எந்தக் காசு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று சொல்ல வழியில்லை. சல்லடையின் இந்தக் குறை பின்னால் வந்த மெட்டல் டிடெக்டர் என்னும் மின்கருவியையும் விடவில்லை.

மின்கருவியின் தொடக்கம் காசோடு தொடர்பற்றது. டேவிட் ஹியூஸ் 1879இல் மின்தூண்டல் தராசு ஒன்றை அமைத்தார். 1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று கண்டறிய, அலெக்சாண்டர் கிரகாம் பெல் அதே தத்துவத்தில் கருவி செய்து முயன்று தோற்றார். கெர்ஹார்ட் ஃபிஷர் 1937இல் கையடக்கக் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்துப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காட்டும் கருவி 1942இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் பயன்பட்டது. போர் முடிந்ததும் மிஞ்சிய இராணுவக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. காசு தேடுவது பொழுதுபோக்கானது அதன் பிறகே.

கருவி வேலை செய்யும் முறை எளிது. ஒரு கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அது உண்டாக்கும் எதிர்ப்புலத்தை இன்னொரு சுருள் வாங்குகிறது. அனுப்பிய புலத்துக்கும் வாங்கிய புலத்துக்கும் இடையிலுள்ள கட்ட வேறுபாட்டை வைத்து இரும்பா செம்பா என்று ஊகிக்கலாம். தாழ்ந்த அதிர்வெண் பெரிய வெள்ளிக் காசுக்கும் ஆழத்துக்கும் ஏற்றது. உயர்ந்த அதிர்வெண் மெல்லிய, சிறிய பொருளுக்கு. புலம் தொலைவோடு மிக வேகமாகத் தேய்வதால், ஒற்றைக் காசு ஓரடி ஆழத்துக்குக் கீழே போய்விட்டால் எந்தக் கருவியும் திணறும். புதையல் வேட்டைக் கதைகள் சொல்லும் பத்தடி, இருபதடிக் கணக்கை நம்புவதற்கில்லை.

இக்கருவியின் பிற்கால வளர்ச்சி பெரும்பாலும் மண்ணோடு நடந்த போராட்டம்தான். இரும்புச்சத்து மிகுந்த மண்ணே கருவிக்கு உலோகம்போல் ஒலித்துவிடும். ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் 1970களின் இறுதியில் தேடியவர்களுக்கு இதுவே பெரிய தலைவலி. அங்கே விக்டோரியாவில் 1980இல் 27 கிலோ எடையுள்ள தங்கக் கட்டி ஒன்று மெட்டல் டிடெக்டரில் அகப்பட்டது. வேட்கை இன்னும் பெருகியது. 1985இல் அந்நாட்டில் தொடங்கிய மைன்லேப் நிறுவனம் மண்ணின் இரைச்சலை ஒதுக்குவதையே தன் வேலையாகக் கொண்டது. 1991இல் அதன் சாவரின் கருவி பல அதிர்வெண்களை ஒருசேரப் பயன்படுத்தியது. 2018இல் ஈக்வினாக்ஸ் அதைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. காசுக்காரர்கள் இன்று வைத்திருக்கும் சிறந்த கருவிகளில் தங்கம் தேடியவர்களின் கைவண்ணம் உண்டு.

அந்தக் கருவியைத் தங்க வயல் மண்ணிலேயே வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் ராபர்ட்சன்பேட்டையில் எழும் கேள்வி. பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன் 1802இல் வந்தபோதே ஊர்கம், மாரிக்குப்பம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவித் தங்கத்துகள் எடுத்துக்கொண்டிருந்தனர். பழஞ்சுரங்கக் குழிகளும் இருந்தன. ஜான் டெய்லர் சுரங்க நிறுவனம் 1880இல் வந்த பிறகு வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் இங்கே குடியேறினர். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரில் பேட்டை எழுந்தது. ஆனால் கோலார் தங்கம் ஆஸ்திரேலியத் தங்கம்போல் கட்டியாகக் கிடப்பதில்லை. குவார்ட்ஸ் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கலந்திருக்கிறது. 2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராமே தேறியது. தங்கத்துக்கென்று மெருகேறிய கருவி இங்குள்ள தங்கத்தைக் காட்டாது.

காசுக்கும் இந்த நிலம் எளிதில் இடம் கொடுப்பதில்லை. கோலார் பாறைப்பட்டையில் இரும்புக்கற் படிவங்கள் உண்டு, மேலே செம்மண். அதன்மீது நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாகச் சுரங்கம் கொட்டிய தண்டவாள ஆணி, துரப்பண முனை, இரும்புக்கயிற்றுத் துண்டு. தொழிலாளர்களின் லைன் வீடுகளைச் சுற்றித் தகரமும் பாட்டில் மூடியும். சயனைடு மேடுகள் என்று ஊர் சொல்லும் கழிவுக் குன்றுகளுக்குக் கீழே பழைய நிலமட்டமே புதைந்துவிட்டது. பேட்டையின் தெருக்கள் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அங்கே கிடைத்தாலும் ஜார்ஜ் மன்னர் காலணாவே கிடைக்கும். அதற்கு முந்தைய காசைக் கோலாரிலும் பாலாற்றங்கரைப் பேத்தமங்கலத்திலும், சோழரும் விஜயநகரத்தாரும் ஐதரும் திப்புவும் ஆண்ட பழைய ஊர்களிலும்தான் எதிர்பார்க்கலாம்.

அவற்றிலும் எல்லாம் ஒரே மாதிரி அகப்படுவதில்லை. திப்புவின் யானைக் காசு தடித்த செம்பு. பழைய கருவிக்கும் தெளிவாக ஒலிக்கும். உரோம வெள்ளிக் காசும் அப்படியே. தங்கப் பணம் எனப்பட்ட சிறு காசு வேறு கதை. பட்டாணிப் பருப்பளவே இருக்கும் அது அரைக் கிராம்கூட எடை தேறாது. கருவிக்கு அது தரும் சைகை சிகரெட் பெட்டிக்குள்ளிருக்கும் வெள்ளித்தாளின் சைகையை ஒத்தது. குப்பையை ஒதுக்கும்படி கருவியைத் திருப்பினால் பணமும் சேர்ந்தே ஒதுங்கிவிடும்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. இங்கிலாந்தில் 1996 புதையல் சட்டமும் மறுஆண்டு தொடங்கிய கண்டெடுப்புப் பதிவுத் திட்டமும் தனியார் தேடலை அனுமதித்து, கண்டதை எழுதிவைக்கச் சொல்கின்றன. இந்தியாவில் 1878 புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறும் புதைபொருளைக் கண்டவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும்; மறைத்தால் ஓராண்டுவரை சிறை. உரியவர் எவரும் வராவிட்டால், கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால் பங்கு. அரசே வேண்டுமென்றால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மைசூர் மாநிலம் 1962இல் தனிச் சட்டம் இயற்றியது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் தற்செயலாகக் கண்டவரை மனத்தில் வைத்தே எழுதினார்கள். கருவியோடு தேடிப் போகிறவரை அது எதிர்பார்க்கவில்லை.

தொல்லியலாளர்கள் கருவியை நெடுங்காலம் பகையாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. கர்நாடகத்தின் சந்திரவள்ளியில் 1947இல் மார்ட்டிமர் வீலர் மண்ணடுக்குகளைப் பிரித்துத் தோண்டினார். அடுக்கோடு சேர்த்துப் படித்ததால்தான் அங்கே கிடைத்த திபேரியசின் வெள்ளிக் காசு ஊரின் காலத்தைச் சொன்னது. பிடுங்கியெடுத்த காசு அரசன் பெயரை மட்டும் சொல்லும். எதிர்மாறான பயனை அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் 1984இல் காட்டியது: கருவியால் கண்ட ஒவ்வொரு தோட்டாவையும் எடுக்கும் முன் வரைபடத்தில் குறித்ததால் போரின் நகர்வே தெரிந்தது. காசுக்கும் அதே முறை பொருந்தும். அகழாய்வில் வெட்டிக் கொட்டிய மண்மேட்டைக் கருவியால் ஒருமுறை துழாவினால், கொத்துக்கும் சல்லடைக்கும் தப்பிய செப்புக்காசு மிஞ்சியிருந்தால் காட்டும். அது எந்தக் குழியின் மண் என்பது குறித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். தங்கப் பணமோ பெரும்பாலும் அதற்கும் அகப்படாது. முன்போலவே கடைக்கால் தோண்டும்போதோ கிணறு தூரெடுக்கும்போதோ வந்தால்தான் உண்டு.