ஒக்கிப் புயலும் சிறுபடகு மீட்பும்

1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற இந்தியக் கடலோரக் காவற்படையின் மீட்பமைப்பு, இடர்ச்செய்தி அனுப்பவல்ல கலங்களுக்கே பெரிதும் பயன்பட்டது. கருவியற்ற சிறுபடகுகள் அதன் செவிக்கு எட்டவில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுப்பெற்றபோது, தென்கேரளக் கரையினரும் குமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதியினரும் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். கரைக்கு வந்த எச்சரிக்கை அவர்களை அடையவில்லை. கப்பல்களும் வானூர்திகளும் தேடின. ஆயின் எங்கே தேடுவது என்பதே வினா. மீன்பிடி இடங்களையும் நீரோட்டப் போக்கையும் அறிந்த பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர் தம் படகுகளிலேயே தேடப் புறப்பட்டனர். மீட்புக் கப்பல்களிலும் மீனவர் உடன் அழைத்துச் செல்லப்பட்டனர். மரபறிவுக்குக் கிடைத்த காலந்தாழ்ந்த ஏற்பு இது எனலாம்.

பின்னர் நாவிக் செயற்கைக்கோள்வழிக் கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டன. தொடக்கத்தில் அவை செய்தி பெற மட்டுமே வல்லன. அனுப்ப வல்லன அல்ல.