எபோக்

லினக்ஸ் ஷெல் ஸ்கிரிப்டில், ஒரு கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரத்தை ஸ்டாட் கட்டளையிடம் விநாடிகளாகக் கேட்டால், 1700000000 என்பதுபோல் பத்திலக்க எண் ஒன்று வரும். எபோக்கிலிருந்து கடந்த விநாடிகள் அவை. இந்த எண்ணுக்கு இந்திய நேரம் 2023 நவம்பர் 15, அதிகாலை 3.43.

‘எபோகே’ என்றால் கிரேக்கத்தில் நிறுத்தம். காலக்கணக்கைத் தொடங்கும் நிலையான புள்ளி என்பது பின்னர் ஏறிய பொருள். யூனிக்ஸுக்கு அந்தப் புள்ளி 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு. தொடக்கத்தில் 1971தான், விநாடியை அறுபதாகப் பிரித்து எண்ணியதால் 32 பிட் எண் இரண்டேகால் ஆண்டில் நிரம்பிவிடும் என்று மாற்றிவிட்டார்கள்.

தமிழில் சகாப்தம் எனலாம், தவறில்லை. சக ஆண்டும் கி.பி. 78இலிருந்து எண்ணுவதுதானே! ஸ்கிரிப்டில் இரு கோப்புகளில் எது பழையது என்று பார்க்க ஸ்டாட் தரும் எண்ணே போதும். தேதியாக வேண்டுமானால் டேட் கட்டளையிடம் கொடுங்கள்.