உலக மேசையில் சென்னை: நாற்காலி யாருக்கு?

1913-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் உள்ளாட்சிகளின் சர்வதேச ஒன்றியம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. குடிநீர், சாக்கடை, வீட்டுவசதி போன்றவற்றில் ஒரு நகரம் கற்றதை இன்னொரு நகரத்துக்குச் சொல்வதற்கான அமைப்பு அது. அதே 1913-இல்தான் சென்னையில் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. கென்டில் தொடங்கிய பாதை இன்று ரிப்பன் மாளிகை வரை வந்துவிட்டது. ஆனால் அந்த மாளிகையின் வாசலில் இருக்கும் நம் மக்களிடம் வந்து சேர்ந்ததா? இந்தக் கேள்வியோடுதான் இந்த வரலாற்றை நாம் படிக்க வேண்டும்.

முதலில் வந்தவை சகோதர நகர ஒப்பந்தங்கள். 1960-களில் சோவியத் நாட்டின் வோல்கோகிராடோடும், 1984-இல் அமெரிக்காவின் டென்வரோடும் சென்னை கைகோத்தது. இவை பெரும்பாலும் நட்பு, பண்பாடு, மரியாதைப் பயணங்கள் என்ற அளவில் இருந்தன. குடிசைப் பகுதியின் அன்றாட வாழ்க்கையை அவை தொடவில்லை.

2000-க்குப் பிறகு நிலைமை மாறியது. 2004-இல் பழைய அமைப்புகள் இணைந்து, பார்சிலோனாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஐக்கிய நகரங்கள் மற்றும் உள்ளாட்சிகள்' என்ற அமைப்பு உருவானது. 2005-இல் லண்டன் மேயரின் முயற்சியில் பருவநிலைக்கான பெருநகரங்களின் கூட்டமைப்பு பிறந்தது. அதுதான் இன்றைய சி40. சென்னையும் அதில் உறுப்பினர். 2013-இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை '100 ரெசிலியன்ட் சிட்டீஸ்' திட்டத்தை அறிவித்தது. பேரிடரையும் நெருக்கடியையும் தாங்கி எழும் நகரங்களை உருவாக்குவது அதன் நோக்கம். 2014 டிசம்பரில் சென்னை அதற்குத் தேர்வானது. சரியாக ஓராண்டு கழித்து, 2015 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு ஒரு புதிய வேலை கொடுக்கப்பட்டது. கூவம், அடையாறு கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. அவர்களில் கணிசமானோர் தலித்துகள். அனுப்பப்பட்ட இடமோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய, வெள்ளம் சூழும் பகுதி. 2000-இல் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அடுத்து பெரும்பாக்கம். ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்லப்பட்டது. திசை மட்டும் மாறவில்லை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. குடும்பங்கள் குடியேற்றப்பட்டபோது பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சிக்கு வெளியே இருந்த ஓர் ஊராட்சி. வீட்டோடு சேர்த்து, மாநகராட்சித் தேர்தலில் போடும் ஓட்டையும் அவர்கள் இழந்தார்கள். உலக அரங்கில் 'சென்னை' என்று பேசப்பட்ட நகரத்தின் கணக்கிலேயே அவர்கள் இல்லை.

அடுத்து 2019. அந்த ஜூன் மாதம் சென்னைக்கான 'ரெசிலியன்ட்' செயல்திட்ட அறிக்கை வெளியானது. குடிசைப் பகுதிகளும் நீரும் அதில் முக்கியத் தலைப்புகள். அதே மாதம் ஏரிகள் வறண்டு, நம் தெருக்களில் குடங்கள் வரிசையில் நின்றன. அடுத்த மாதமே அறக்கட்டளை அந்த உலகத் திட்டத்தை மூடியது. இதைவிட முக்கியமானது இன்னொன்று. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை சென்னைக்கு மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத காலத்தில் நகரத்தின் எதிர்காலத்துக்கான அறிக்கை எழுதப்பட்டது.

2022-இல் தேர்தல் நடந்தது. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, ஆர். பிரியா மேயரானார். 1937-இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளையும், 1945-இல் என். சிவராஜும் அமர்ந்த அந்த நாற்காலியில் முதல் தலித் பெண். இதை நாம் கொண்டாடினோம், கொண்டாடவும் வேண்டும். ஆனால் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. நாற்காலியும் அதிகாரமும் ஒன்றல்ல என்பது அம்பேத்கரைப் படித்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

அதே ஆண்டு, சி40 துணையோடு தயாரான சென்னை பருவநிலைச் செயல்திட்டத்தின் வரைவு கருத்துக் கேட்புக்கு வந்தது. முதலில் ஆங்கிலத்தில் மட்டும்! எதிர்ப்பு எழுந்த பிறகே தமிழில் வந்தது, அவகாசமும் நீண்டது. இறுதித் திட்டம் 2023 ஜூனில் வெளியானது. 2025 ஆகஸ்டில் அதே ரிப்பன் மாளிகை வாசலில், இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் அமர்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. குப்பை மேலாண்மை இல்லாமல் எந்த நகரத்துக்கும் பருவநிலைத் திட்டம் கிடையாது. அந்தக் குப்பையை அள்ளும் கைகளுக்கோ வாசலில் உட்காரக்கூட இடமில்லை.

அப்படியானால் இந்த உலகக் கூட்டமைப்புகள் எல்லாம் வெறும் நாடகமா? அப்படி ஒதுக்கிவிட்டால் நமக்குத்தான் நட்டம்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தைப் பாருங்கள். 1989-இல் அங்கே ஏழைக் குடியிருப்புகளின் மக்கள் கூடி, நகராட்சிப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யத் தொடங்கினார்கள். இன்று உலகமெங்கும் நகரங்கள் அதைப் பின்பற்றுகின்றன. அதைப் பரப்பியதில் நகரக் கூட்டமைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதாவது, குடிசையில் பிறந்த யோசனையும் இந்தப் பாதையில் பயணிக்க முடியும்.

சாதியும் இந்தப் பாதைக்கு அந்நியமல்ல. 2001 டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவிடாமல் இந்திய அரசு தடுக்கப் பார்த்தது. அந்த மாநாட்டின் தொடர்ச்சியாக 2004-இல் யுனெஸ்கோ, இனவெறிக்கும் பாகுபாட்டுக்கும் எதிரான நகரங்களின் கூட்டணியைத் தொடங்கியது. 2006-இல் பாங்காக்கில் அதன் ஆசிய-பசிபிக் பிரிவு 10 அம்சத் திட்டத்தோடு உருவானது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. நாடு பேச மறுத்ததை ஒரு நகரம் பேச முடியும் என்பதற்கு இதுவே சான்று.

சி40 போன்ற அமைப்புகளில் ஒரு நகரம் தரும் உறுதிமொழியை வைத்து நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்பது உண்மை. ஆனாலும் அது நகரம் தன் கையெழுத்தோடு உலகத்துக்குத் தந்த வாக்கு. அந்தத் தாளைக் கையில் எடுப்பது நம் வேலை.

மாணவத் தோழர்களே, மூன்று வேலைகள் இருக்கின்றன. சென்னை கையெழுத்திட்ட ஒவ்வொரு உறுதிமொழியையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டு வாங்குவோம், தமிழில் கேட்போம். அதை வார்டு குழுவிலும் பகுதி சபையிலும் வாசித்து, 'இதில் எங்கள் தெரு எங்கே?' என்று கேட்போம். அடுத்த அறிக்கை எழுதப்படும்போது பெரும்பாக்கத்தின் பெண்களும் தூய்மைப் பணியாளர்களும் மேசையில் இருக்க வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுப்போம்.

உலக மேசையில் சென்னைக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. சென்னையின் மேசையில் நமக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

ஜெய் பீம்!